முகம் மாறாத பொம்மையை வெச்சு எப்படிக் கதை சொல்றது?

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோடு பொம்மைகளைப் பத்தி. பொம்மை கலெக்ட் பண்றதைப் பத்தி இல்ல, அலமாரியில வாங்கி வெச்ச பொம்மையை வெளியே எடுத்து, அதை வெச்சு போட்டோ கதை பண்றதைப் பத்தி.

முதல்ல இது என்னன்னு ஒரு வரியில சொல்லிடறேன். மூட்டு அசையுற பொம்மை ஒண்ணை நிக்க வெச்சு, உக்கார வெச்சு, ஒவ்வொரு நிலையிலயும் ஒரு போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை வரிசையா அடுக்கி கதை சொல்றது. ஸ்டாப் மோஷன் வேற. அதுல பொதுவா ஒரு நொடிக்கே 12 படம் எடுப்பாங்க. இதுல மொத்தக் கதைக்கும் 8 படம் போதும்.

இதை முதல் தடவை ட்ரை பண்றவங்க எல்லாருக்கும் ஒரே சந்தேகம் வரும். பொம்மைக்கு ஒரே ஒரு முகம்தானே இருக்கு? பார்பி எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கும். அது அழுற சீனை எப்படி எடுக்கிறது? இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

கொலுவுல பாதி வேலை முடிஞ்சுடுச்சு

நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீட்டுக்குப் போயிருப்பீங்க. படிக்கட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், அதுக்குக் கீழே தரையில பசங்க போடுற பார்க்கை ஞாபகப்படுத்திக்கோங்க. மணலைப் பரப்பி, நாலு நாள் முன்னாடியே கடுகோ வெந்தயமோ தூவி, முளைச்சதைப் புல்லுன்னு வெச்சுப்பாங்க. கண்ணாடித் துண்டு குளம் ஆயிடும். ஓரமா ஒரு கல்யாண செட், ஒரு செட்டியார் கடை. மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் புதுசா டிரஸ் தைக்கிறதும் உண்டு.

வெளிநாட்டுல டயோரமான்னு சொல்ற விஷயம் இதுதான். செட் போடறது, காஸ்ட்யூம், யாரை யார் பக்கத்துல வைக்கணுங்கிற யோசனை எல்லாமே நம்ம வீட்டுலயே இருக்கு. கொலுவுல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, வரிசை. கொலுவுக்கு முன்னாடி நின்னா எல்லாம் ஒரே நேரத்துல கண்ணுல படும். போட்டோ கதையில எதை முதல்ல காட்டணும், எதை அப்புறம் காட்டணும், எதைக் காட்டவே கூடாதுன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க.

இந்த வரிசையை வெச்சு 1957-லயே ஒரு புத்தகம் வந்திருக்கு. டேர் ரைட்னு ஒரு அமெரிக்கப் போட்டோகிராஃபர், மாடலாவும் இருந்தவங்க. தன்னோட சின்ன வயசுத் துணி பொம்மையை எடுத்து, கூட ரெண்டு கரடி பொம்மையைச் சேர்த்து, கருப்பு வெள்ளைப் போட்டோக்களா எடுத்து 'தி லோன்லி டால்'னு ஒரு குழந்தைகள் புத்தகம் போட்டாங்க. தனியா இருக்கிற ஒரு பொம்மைக்குத் துணை கிடைக்கிற கதை. பொம்மையோட முகம் முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மாறவே மாறாது. ஆனா படிக்கிறவங்களுக்கு அது ஒரு பக்கத்துல ஏங்குற மாதிரி தெரியும், இன்னொரு பக்கத்துல பயப்படுற மாதிரி தெரியும்.

இது எப்படி வேலை செய்யுது?

சினிமா படிச்சவங்களுக்குக் குலெஷோவ் எஃபெக்ட் தெரிஞ்சிருக்கும். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி, லெவ் குலெஷோவ்னு ஒரு ரஷ்ய இயக்குநர், உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரோட முகத்தை எடுத்துக்கிட்டார். அந்த ஒரே ஷாட்டை ஒரு சூப் கிண்ணத்தோட, ஒரு சவப்பெட்டியோட, ஒரு பெண்ணோட, தனித்தனியா ஒட்டிக் காட்டினார். பார்த்தவங்க முதல்ல பசின்னாங்க, அடுத்து சோகம்னாங்க, கடைசியில ஆசைன்னாங்க. முகம் என்னவோ ஒண்ணுதான்.

அதாவது உணர்ச்சியோட பெரும்பகுதி ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில பிறக்குது. அதை நிரப்புறது பார்க்கிறவங்க மனசு. மனுஷ நடிகர் சும்மா இருக்கணும்னா கஷ்டப்படணும், பொம்மைக்கு அது பிறவியிலேயே வருது. முகம் மாறலைங்கிறது இந்தக் கலைக்கு ஒரு குறையே இல்ல. பார்க்கிறவங்க உள்ளே வர்றதுக்கு அதுதான் வாசல்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. பார்க்கிறவங்க முதல்ல அது ஒரு ஆள்னு நம்பணும். 'ஓ, பொம்மை'ன்னு தோணின நொடியே எல்லாம் கலைஞ்சிடும். அந்த நம்பிக்கையை உண்டாக்குறதுதான் டெக்னிக்கல் வேலை. இங்க கொஞ்சம் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, வெறும் ஆறாம் வாய்ப்பாடுதான்.

ஒரு எலுமிச்சையிலேர்ந்து தொடங்குவோம்

எங்க ஊர் புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம். ஊர் பேரைச் சொன்னாலே எலுமிச்சைதான் ஞாபகம் வரும். இங்க மார்க்கெட்டுலேர்ந்து கேரளா வரைக்கும் பழம் போகுது. அதனால நம்ம உதாரணக் கதையையும் எலுமிச்சை மார்க்கெட்டுலயே வெச்சுக்குவோம். வேலைக்காக வெளியூர் போன பேத்தி, லீவுல ஊருக்கு வர்றா. தாத்தா இன்னும் மார்க்கெட்டுல பழம் தரம் பிரிக்கிறார். பேத்தி பொம்மைக்கு கோமதின்னு பேர் வைப்போம், சங்கரன்கோவில் பக்கம் வேற என்ன பேர் வைக்கிறது!

பார்பி உயரம் சுமார் 29 சென்டிமீட்டர். ஆறால பெருக்கினா 174, ஒரு உயரமான பொண்ணு. அதனால இதை 1:6 அளவுன்னு சொல்றாங்க. ஆக்‌ஷன் ஃபிகர்கள்ல நிறைய 15 சென்டிமீட்டர் உயரம் வரும், அது 1:12. ஒரு கதையில ரெண்டு அளவையும் கலக்காதீங்க.

இப்போ செட்ல இருக்கிற ஒவ்வொரு பொருளையும் ஆறால வகுக்கணும். 4 சென்டிமீட்டர் எலுமிச்சை கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் ஆயிடும். அந்த அளவுல உருண்டையா மஞ்சளா மளிகைக் கடையில என்ன கிடைக்கும்? காய்ஞ்ச மஞ்சள் பட்டாணி. பழுக்காத காய்க்குப் பச்சைப் பட்டாணி. கால் கிலோ வாங்கிக் குவிச்சா மார்க்கெட் ரெடி. 9 சென்டிமீட்டர் டீ கிளாஸ் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும், தடிமனான ஜூஸ் ஸ்ட்ராவை நறுக்கினா போதும். ஐந்தரை மீட்டர் சேலை 92 சென்டிமீட்டர் நீளத் துணி. இங்க ஒரு சிக்கல் என்னன்னா, துணியோட கனத்தை வகுக்க முடியாது. புதுத் துணி விறைப்பா நிக்கும். துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச பழைய வேட்டித் துணியை எடுத்து, லேசா ஈரமாக்கி, மடிப்பு வெச்சு கிளிப் போட்டுக் காய விடுங்க. அப்பதான் உடம்போட ஒட்டி விழும்.

சரி, தாத்தாவுக்கு எங்க போறது? கடையில கிடைக்கிற பொம்மைகள்ல பெரும்பாலும் இளைஞர்கள்தான். அசிட்டோன் வெச்சு முகத்துப் பெயிண்ட்டை அழிச்சுட்டு, அக்ரிலிக்ல சுருக்கமும் நரைச்ச மீசையும் வரையறவங்க இருக்காங்க. அது தனித் திறமை, நாள் எடுக்கும். சுலபமான வழி, தாத்தா முகத்தைக் காட்டாதீங்க. பஞ்சு ஒட்டின நரைமுடி, தோள்ல துண்டு, வேட்டி, குனிஞ்ச முதுகு, பழம் பொறுக்குற கை. பார்க்கிறவங்க ஒவ்வொருத்தரும் தங்களோட தாத்தா முகத்தை அங்க வெச்சுக்குவாங்க.

கேமரா எங்க இருக்கணும்?

பொம்மை போட்டோ பொம்மை மாதிரியே தெரியறதுக்கு முதல் காரணம் கேமராவோட உயரம். தரையில பொம்மையை வெச்சுட்டு நாம நின்னுக்கிட்டே எடுப்போம். கேமரா 150 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கும். ஆறால பெருக்குங்க, 9 மீட்டர். கோமதி உலகத்துல அது மூணு மாடி உயரம். மாடியிலேர்ந்து குனிஞ்சு பார்க்கிற ஒருத்தருக்கு அவ மனசு எப்படிப் புரியும்? பொம்மையோட கண் தரையிலேர்ந்து 26, 27 சென்டிமீட்டர்ல இருக்கும். போனும் அங்கதான் இருக்கணும். போனைத் தலைகீழாப் பிடிச்சா லென்ஸ் இன்னும் கீழே போகும். வேற எதையும் மாத்தாம இதை மட்டும் பண்ணிப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

ரெண்டாவது பிளர். 'பெரிய கேமரா வேணுமா'ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இதுல போன்தான் ஜெயிக்குது. பின்னணி எவ்வளவு மங்கும்ங்கிறதுல லென்ஸ் திறப்போட அகலத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆளுங்களை போர்ட்ரெய்ட் எடுக்கிற 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸோட திறப்பு சுமார் 28 மில்லிமீட்டர். அதையே பொம்மைகிட்ட கொண்டு போனா, பொம்மை உலகத்துல அது 17 சென்டிமீட்டர் அகலத் திறப்பு. மூக்கு ஷார்ப்பா இருக்கும், காது மங்கிடும். மூளை உடனே 'இது சின்னப் பொருள்'னு கண்டுபிடிச்சிடும். போன் லென்ஸ் திறப்பு 3, 4 மில்லிமீட்டர்தான். ஆறால பெருக்கினா 2 சென்டிமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ் அளவு. தானாவே சரியா அமைஞ்சிடுது. போர்ட்ரெய்ட் மோடை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, அது பொம்மை முடியோட ஓரத்தைக் கன்னாபின்னான்னு வெட்டும்.

மூணாவது வெளிச்சம். வீட்டு டியூப்லைட் நாலடி, 120 சென்டிமீட்டர். பொம்மைக்கு அது ஏழு மீட்டருக்கு மேல நீளமான விளக்கு. அப்படி ஒரு விளக்கு நம்ம தெருவுல இருந்தா நிழலே விழாது. அதனாலதான் ராத்திரி ரூம்ல எடுத்த படம் சப்புன்னு இருக்கு. வெயில் மட்டும் எந்த அளவுக்கும் பொருந்தும். சூரியன் அவ்வளவு தூரத்துல இருக்கிறதால, நமக்கு விழற மாதிரியே பொம்மைக்கும் நிழல் விழும். காலையில மொட்டை மாடிக்குப் போங்க. புளியங்குடியில மேற்குப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நிக்குது, காலை வெயில் அது மேல நேரா விழும். கைப்பிடிச் சுவர் மேல கோமதியை நிக்க வெச்சு, அவ கண் மட்டத்துலேர்ந்து எடுத்தா பின்னாடி நிஜ மலை. தூரத்து மலைக்கு 1:6, 1:12 எல்லாம் கிடையாது. அது எல்லா அளவுக்கும் மலைதான்.

தண்ணிகிட்ட மட்டும் ஜாக்கிரதை. சொட்டோட அளவைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்குது, அதை நாம சுருக்க முடியாது. 3 மில்லிமீட்டர் சொட்டு கோமதி தலையில விழுந்தா, அவளுக்கு அது 2 சென்டிமீட்டர், ஒரு நெல்லிக்காய் விழுந்த மாதிரி. மழை சீன் வேணும்னா மழையைக் காட்டாதீங்க. நனைஞ்ச தரையையும் குடையையும் காட்டுங்க.

நிக்க வைக்கிறதுல இருக்கு உயிர்

டப்பாவிலேர்ந்து எடுத்த பொம்மை ரெண்டு காலையும் சேர்த்து, நேரா, அட்டென்ஷன்ல நிக்கும். மனுஷங்க அப்படி நிக்கிறதே இல்ல. கோவில்ல செப்புத் திருமேனிகளைப் பாருங்க. உடம்பு மூணு இடத்துல வளையும், அதுக்குத் திரிபங்கம்னு பேர். ஒரு கால்ல பாரம், அந்தப் பக்கம் இடுப்பு மேல, எதிர்ப்பக்கம் தோள் மேல, தலை கொஞ்சம் சாய்வு. நம்ம சிற்பிகள் உலோகத்துல கொண்டு வந்ததை நாம மூட்டுல கொண்டு வரலாம். பார்பியில 'மேட் டு மூவ்'னு ஒரு வகைக்கு 22 மூட்டு இருக்கு, அது இந்த வேலைக்குத் தோதானது.

பாதத்துக்கு அடியில, சுவர்ல போஸ்டர் ஒட்டுற களிம்பு கொஞ்சம் வெச்சா நிக்கும். முக்கியமா, கண் மாறாதுங்கிறதால தலையைத் திருப்புறதுதான் பார்வை. தலை குனிஞ்சா ஒரு அர்த்தம், பத்து டிகிரி விலகினா வேற அர்த்தம். பொருளும் பழசாத் தெரியணும். பை அடியில மண், சட்டைக் காலர்ல டீத்தூள் கறை. ஒருத்தர் புழங்கின பொருள்னு தெரிஞ்சாதான் அங்க ஒருத்தர் வாழுறார்னு நம்புவாங்க.

எட்டுப் படம்

இப்போ கதையை அடுக்குவோம்.

ஒண்ணு: மொட்டை மாடி, மலை, கோமதியோட முதுகு, காலடியில பை. ரெண்டு: பட்டாணிக் குவியல் முன்னாடி தாத்தாவோட குனிஞ்ச முதுகு. மூணு: அவர் கை, அதுல ரெண்டு பழம். நாலு: கோமதி முகம். அஞ்சு: அவ கையில போன், அதாவது 2.7 சென்டிமீட்டர் கருப்பு அட்டை. ஆறு: ரெண்டு டீ கிளாஸ், பக்கத்துல பக்கத்துல. ஏழு: காலி ஸ்டூல், அது மேல தாத்தாவோட துண்டு. எட்டு: மறுபடியும் கோமதி முகம். நாலாவது படத்தையே திரும்பப் போட்டாலும் பரவாயில்ல.

நாலாவது இடத்துல அந்த முகம் 'இன்னும் இவர் இதையே பண்றாரே'ன்னு சொல்லும். எட்டாவது இடத்துல அதே முகம் என்ன சொல்லுதுன்னு நான் விளக்கவே வேண்டாம். இப்போ ஏழாவது படத்தை எடுத்துட்டு, கோமதி குவியல் முன்னாடி உக்காந்து பழம் பொறுக்குற படத்தை வையுங்க. கதையே வேற. ஒரு படம் மாறினதுல ஒருத்தர் உயிரோட இருக்கார்.

இந்த மாதிரிக் கதையில வசனத்தைக் குறைச்சுக்கோங்க. 'கோமதிக்கு அழுகை வந்தது'ன்னு எழுதினா பார்க்கிறவங்க முகத்தைச் சரிபார்ப்பாங்க. சிரிக்கிற பார்பிதான் தெரியும். எழுதாம விட்டா அவங்களே அழ வெச்சுடுவாங்க.

வளர்ந்தவங்க பண்ற வேலையா இது?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு நிஜ மனுஷரைக் காட்டுறேன். மார்க் ஹோகன்கேம்ப். நியூயார்க் மாகாணத்துல கிங்ஸ்டன்ங்கிற ஊர். 2000-ம் வருஷம் ஏப்ரல் 8, ஒரு பாருக்கு வெளியே அஞ்சு பேர் அவரை அடிச்சுப் போட்டாங்க. தனக்குப் பெண்கள் உடை போடப் பிடிக்கும்னு அவர் சொன்னதுதான் காரணம். 9 நாள் கோமா. முழிச்சப்போ பழைய வாழ்க்கையோட ஞாபகம் பெரும்பாலும் போயிடுச்சு. நடக்கிறது, சாப்பிடுறது, எழுதுறது எல்லாத்தையும் திரும்பக் கத்துக்க வேண்டியிருந்தது. காசு இல்லாததால சிகிச்சையும் பாதியில நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி அவர் நல்லா வரைவார். இப்போ கை நடுங்கினதால அதுவும் முடியலை.

கை நடுங்கினாலும் பொம்மை அசையாம நிக்கும். வீட்டுக்கு வெளியே, 1:6 அளவுல, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பெல்ஜிய ஊர் ஒண்ணைக் கட்டினார். மார்வென்கால்னு பேர் வெச்சார். தனக்கு ஒரு பொம்மை, தெரிஞ்சவங்களுக்கு ஒவ்வொரு பொம்மை. ஜீப் டயர் தேய்ஞ்ச மாதிரி தெரியணும்னு பொம்மை ஜீப்பை நிஜ ரோட்டுல இழுத்துக்கிட்டே நடப்பார். பழைய கேமரா ஒண்ணுல படம் படமா எடுத்தார். அந்தக் கதையில நாஜிப் படைக்காரங்க அவரோட பொம்மையை அடிச்சுப் போடுவாங்க. ஊர்ப் பெண்கள் வந்து காப்பாத்துவாங்க. நிஜத்துல நடந்த அடியைத் திரும்ப எடுத்து, இந்தத் தடவை முடிவை அவரே வெச்சார்.

2010-ல ஜெஃப் மால்ம்பெர்க் எடுத்த 'மார்வென்கால்' டாக்குமெண்டரியில இதெல்லாம் இருக்கு. 2018-ல ஹாலிவுட் படமும் வந்துச்சு. ரெண்டுல ஒண்ணுதான் பார்ப்பீங்கன்னா டாக்குமெண்டரியைப் பாருங்க. அவரோட படங்கள் நியூயார்க் கேலரிக்குப் போகுறப்போ அவருக்கு எவ்வளவு தயக்கம்னு அதுல தெரியும். தான் பிழைக்கிறதுக்காகப் பண்ணின ஒண்ணை ஊர் பார்க்கப் போகுதேங்கிற தயக்கம். நீங்க எடுக்கிற எல்லாத்தையும் இன்ஸ்டாவுல போடணும்னு கட்டாயம் இல்ல. சில கதைகள் போன்லயே இருக்கலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய காயம் இல்லாம இருக்கலாம். ஆனா நேர்ல சொல்ல வாய் வராத விஷயம் எல்லார்கிட்டயும் இருக்கு. ஊருக்குத் திரும்ப வரணுமா வேண்டாமான்னு தெரியாத குழப்பம், தாத்தாகிட்ட கேக்காம விட்ட கேள்வி. அதை வீட்டு ஆளுங்களை நிக்க வெச்சு நடிக்கச் சொல்ல முடியாது. டப்பாவுல வர்ற பொம்மையோட இன்னொரு ஊரின் கதைதான் வருது. அது கையில பட்டாணி எலுமிச்சையைக் கொடுத்தப்புறம் அது நம்ம ஊர்ப் பொண்ணு.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க். எட்டு வேண்டாம், நாலு படம் போதும். ஒரு பொம்மை, ஒரு பொருள், காலை வெயில். முகம் வர்ற படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதை நாலு இடத்துலயும் மாத்தி மாத்தி வெச்சு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட காட்டி, 'இவ என்ன நினைக்கிறா'ன்னு மட்டும் கேளுங்க. பதில் ஒவ்வொரு தடவையும் மாறினா, உங்களுக்குக் கதை சொல்ல வந்துடுச்சு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். டாட்டா!